தளைநார்

பனங்கூடலிலே பொழுது புலருமுன் கேட்பது பாளையிற் கத்தி படும் ஓசை. யாழ்ப்பாணத்துக் கிராமங்களிற் பிறந்தவர்க்கு அது சேவலின் கூவலைப் போன்று பழகியது. பழகியமையாலேயே அண்ணாந்து பார்க்கத் தோன்றாதது. பார்ப்பின், 50 அடி உயரத்தில், மட்டைகளுக்கிடையே காலூன்றி, இரு கைகளையும் தொழிலுக்குக் கொடுத்துவிட்டு ஒரு மனிதர் நிற்பது தெரியும்.

சீவற்றொழிலாளியின் கருவிகள் மிகச் சில. கால்களைப் பிணைக்கும் தளைநார், மரத்தின் சொரசொரப்பு நெஞ்சைக் கிழியாதிருக்க ஒரு தோல், இடுப்பிற் கத்திக்கூடு, முட்டி. முட்டி பாளையோடு கட்டப்படுகின்றது; கத்தி கூட்டுக்குள் இருக்கின்றது; கட்டப்படாதவர் மனிதர் ஒருவரே. தளைநாரைக் காப்பு என்று கருதுவோர் உளர். பாதங்கள் மரத்தைக் கவ்வ அது துணைபுரியுமேயன்றி, கை வழுவிய கணத்தில் அதனால் ஆவதொன்றுமில்லை. 50 அடியிலிருந்து வீழ்பவர் நிலத்தை அடைய இரண்டு செக்கன் கூடச் செல்லாது. அப்பொழுது அவர் வேகம் மணிக்கு 60 கிலோமீற்றரைத் தாண்டியிருக்கும். பத்து மரம் சீவுபவர் காலையும் மாலையுமாக நாளொன்றுக்கு 20 தரம் ஏறுகிறார். ஆறு மாதப் பருவத்தில் ஏறத்தாழ 3,600 தரம். அவற்றுள் ஒன்றேனும் பிசகலாகாது. பிசகினால், அன்று அவர் குடித்திருந்தார் என்று ஊர் சொல்லும். ஏறுபவரின் சாதியை மறவாத ஊர், அவருக்கென ஒரு கயிற்றைத் தேடியதில்லை.

வடமராட்சிக் கிராமமொன்றில் இத்தகைய ஒருவரின் மகன் வளைகுடா நாட்டிற் கட்டடச் சாரங்களில் வேலை செய்பவன். விடுமுறையில் வந்தவன், தோள், நெஞ்சு, தொடை என்பவற்றைச் சுற்றித் தான் அணியும் காப்புவாரைப் பற்றித் தந்தைக்கு விளக்கினான். இடுப்புப்பட்டி மட்டும் போதாது. விழும் உடலை அது வயிற்றிலும் முதுகெலும்பிலும் வெட்டிப் பிடிக்கும். வீழ்ச்சியைத் தடுக்க அதனைப் பயன்படுத்துவதை அமெரிக்க வேலைத்தள விதிகள் 1998இலேயே விலக்கிவிட்டன. தந்தை யாவற்றையும் கேட்டபின் ஒன்றே வினவினார்:

“அது சரி தம்பி, பனையிலை அதை எங்கை கொழுவிறது?”

வினாவின் கூர்மை பொறியியலாளரையும் நிறுத்தக்கூடியது. காப்புவாரின் கயிறு உறுதியான ஓரிடத்தில், தலைக்கு மேலே, கொழுவப்படவேண்டும். பனையிலே கிளையில்லை. காவோலை மட்டை கையோடு வந்துவிடும். மரத்தைச் சுற்றிக் கட்டிய கயிறோ தளர்ந்தால் அடிவரை வழுக்கும். மரக்கம்பங்களில் ஏறும் மின்தொழிலாளருக்கும் நெடுங்காலம் இதே இடர் இருந்தது. பாரம் விழுந்தவுடன் கம்பத்தை இறுகக் கவ்வும் பட்டி அவர்களுக்கென ஆக்கப்பட்டது. அமெரிக்காவில் 2015 ஏப்ரல் முதல் கம்பத்தில் ஏறும்பொழுதும் வீழ்ச்சிக்காப்புக் கட்டாயமாயிற்று. கம்பத்துக்கு இயன்றது பனைக்கு இயலாதென்பதற்கில்லை. ஆயினும் பட்டியை அடிக்கடி தளர்த்தி உயர்த்தவேண்டும், ஏற்றம் தாமதமாகும், இறக்கிய கள்ளின் அளவுக்கே கூலி பெறுபவருக்குத் தாமதம் என்பது சோறு.

மறுநாள் மகன் வளவுப் பனையின் அடியிற் கயிற்றைச் சுற்றிச் சாய்ந்து பார்த்தான். முதன்முறை வழுக்கிற்று. இரட்டையாய்ச் சுற்றி முடிச்சை மாற்றியபோது அது மரத்தைக் கவ்வி அவன் பாரத்தைத் தாங்கிற்று. தந்தை அருகில் வந்து முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

“வட்டுக்குக் கிட்ட மட்டை மறிக்குமே, அங்கை என்ன செய்வாய்?” என்றார். மகன் கயிற்றை அவிழ்த்து மீண்டும் சுற்றத் தொடங்கினான்.