கிளம்பாத வண்டி

பொள்ளாச்சிக்கு அருகே ஒரு தென்னந்தோப்புக் கொட்டகையில், பல வருஷங்களாக மட்டை மூட்டைகளைச் சுமந்துகொண்டு நின்றிருந்த மோட்டார் வண்டியொன்றை நாம் விலை கொடுத்து வாங்கியிருக்கிறோம். அமெரிக்க ஷெவர்லே, முன்னால் மூவர் உட்காரலாம், பின்னால் சாமான் ஏற்றலாம், 'பிக்கப்' என்று பெயர். பள்ளிக்கூடத்து உபாத்தியாயருக்கு இது எதற்கு என்று ஊரார் அனைவரும் கேட்டாகிவிட்டபடியால், வாசகர்கள் வேறு கேட்க வேண்டியதில்லை. மற்றொரு லாரியின் முதுகிலேறி அது கோயம்புத்தூர் வந்து சேர்ந்த அன்று, நமது இல்லத்தரசி அதை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தாள்.

"ஏனுங்க, வூட்டுக்கு வெள்ளையடிச்சு ஏழு வருசமாச்சு. இதுக்கு என்ன வர்ணமுங்க அடிக்கப் போறீங்க?"

வர்ணம் கடைசியில் வரும் காரியம். முதற் காரியம் வண்டியைக் கிளப்பாமல் இருப்பது. இது எளிதன்று! ஆறு வோல்ட் பாட்டரி ஒன்றை வைத்து, ஸ்டார்ட்டரை ஒரே ஒரு முறை மிதித்துப் பார்த்துவிட வேண்டுமென்று கால் துடிக்கிறது. ஆனால் இந்த இஞ்சினில் எண்ணெய் போகும் விதம் அலாதியானது. பிற்காலத்து இஞ்சின்களில் எண்ணெய், துளைகளின் வழியே அழுத்தத்துடன் ஒவ்வொரு பேரிங்குக்கும் செலுத்தப்படுகிறது. இதிலோ ஆறு பிஸ்டன் தண்டுகளின் அடியிலும் சிறு கரண்டி போன்ற உறுப்பு உண்டு. அடித்தட்டிலுள்ள தொட்டிகளில் நிற்கும் எண்ணெயைத் தண்டு சுற்றும்போதெல்லாம் அது மொண்டுகொள்ளும். பேரிங்குகளும் வெள்ளை மெட்டலால் வார்த்தவை, மிக மிருதுவானவை. எண்ணெய் நிற்க வேண்டிய தொட்டியில் பழஞ் சேறு உறைந்து கிடக்கையில் இஞ்சினை ஓட்டினால், மெட்டல் உருகி வழிந்துவிடும். பிறகு மிதிப்பதற்கு ஒன்றும் இராது.

ஆகவே ஆறு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சிறிது எண்ணெய் விட்டு ஊறவைத்தோம். தினந்தோறும் பள்ளி விட்டு வந்ததும் பிளைவீல் பற்களில் கடப்பாரை கொடுத்து மெதுவாக நெம்பினோம். ஏழு நாள் அசையவில்லை. எட்டாம் நாள் கால் சுற்று நகர்ந்தது. நமது வகுப்புப் பையன்கள் அனைவரும் தேறிய வருஷத்தில்கூட நாம் அவ்வளவு மகிழ்ந்ததில்லை.

மேஸ்திரி மகிழவில்லை. "வாத்தியாரே, இதுக்குச் சாமான் எங்கீங்க கெடைக்கும்? காயலான் கடையில போட்டுட்டு ஒரு டீசல் இஞ்சினை மாட்டிரலாமுங்க. செலவும் பாதிதான்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயமுண்டு. நம் நாட்டில் அக்காலத்துப் பெட்ரோல் வண்டிகள் பல அப்படித்தான் பிழைத்தன. உழைத்துச் சோறு போட வேண்டிய வண்டிக்கு இதயம் எதுவானால் என்ன? ஆனால் நமது வண்டி இனி உழைக்கப் போவதில்லை. ஐம்பது வயது கடந்த வண்டிகளுக்கென்று 2021-ல் மத்திய அரசாங்கம் தனி விதி செய்திருக்கிறது. 'வி.ஏ.' என்ற எழுத்துக்களுடன் பதிவு கிடைக்கும், வியாபாரத்துக்கு ஓட்டலாகாது, கூடும் இஞ்சினும் பெரிதும் மாறாமல் மூல உருவில் இருக்க வேண்டும். டீசல் இஞ்சின் ஏறினால் அந்தப் பதிவை மறந்துவிட வேண்டியதுதான்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இஞ்சின் மீதிருந்த அழுக்கை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தபோது, வார்ப்பில் 'சி 17 8' என்ற எழுத்துக்கள் தெரிந்தன. ஷெவர்லேக்காரர்கள் மாதத்துக்கு எழுத்தும், பிறகு தேதியும், வருஷத்தின் கடைசி எண்ணும் வார்ப்பிலேயே பதிப்பது வழக்கம். 'சி' என்றால் மூன்றாம் மாதம். அதாவது 1948 மார்ச் 17. பாரதம் விடுதலை பெற்று ஏழு மாதமே ஆகியிருந்த சமயம். பதிவுப் புத்தகத்திலும் 1948 என்றே இருக்கிறது. 1951-ல் வந்த முக்கோணச் சிறு ஜன்னல் கதவுகளில் இல்லை. கூடும் இஞ்சினும் ஒரே வயதின என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

மேஸ்திரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்துக்களை விரலால் தடவிப் பார்த்தார். நாம் விளக்கியதைக் கேட்டார். ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. "நம்ம ஸ்பேனரெல்லாம் இதுக்குச் சேராதுங்க. அங்குலக் கணக்கு செட்டு கொண்டாரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் கொண்டுவந்தார். அடித்தட்டை இறக்கியதில் இரண்டு விரற்கடை சேறு இருந்தது. தண்டுகளில் ஐந்து நல்ல நிலையில் இருக்கின்றன. நான்காவதில் மட்டும் வெள்ளை மெட்டல் உதிர்ந்திருக்கிறது. அதைப் பழைய முறையில் வார்க்கத் தெரிந்த முதியவர் ஒருவர் ஈரோட்டில் இருக்கிறாராம். அத்தண்டைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு, வரும் ஞாயிறன்று மேஸ்திரியும் நாமும் பஸ்ஸில் போகிறோம்.