முதலில் ஒரு நன்றி

எங்கள் ஊரில் மகஜர் கையளிப்பது பழகிப்போன காரியம். பாலம் உடைந்தாலும், ஆஸ்பத்திரியில் டொக்டர் இல்லாவிட்டாலும் யாராவது ஒருவர் விறாந்தையில் இருந்து மகஜர் எழுதுவார். குறைகள் இலக்கமிட்டு வரிசையாக வரும். கடைசியில் கையொப்பங்கள். கையளிக்கும்போது ஒரு படம் எடுப்பார்கள். அதற்குப் பிறகு அந்தக் காகிதத்துக்கு என்ன நடந்தது என்று கேட்பவர்கள் குறைவு. இதையே பார்த்து வளர்ந்தவள் நான். ஆகவே, தங்கள் கருத்துக்கு எதிராக வாக்களிக்கும் அரசியல்வாதியிடம் போய் முதல் வேலையாக அவருக்கு நன்றி சொல்கிற ஒரு கூட்டம் அமெரிக்காவில் இருக்கிறது என்று சாச்சி சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

சாச்சி என் உம்மாவின் கடைசித் தங்கை. ஒஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கு அண்மையில் இருக்கிறார். அவர் சேர்ந்திருக்கும் அமைப்பின் பெயர் ‘சிட்டிசன்ஸ் கிளைமேட் லொபி’. காலநிலை மாற்றத்தைப் பற்றிச் சாதாரணப் பிரசைகளே தங்கள் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினரை நேரில் சந்தித்துப் பேசுவதுதான் அதன் வேலை. போகிறவர்கள் எல்லோரும் தொண்டர்கள். ஆசிரியைகள், ஓய்வுபெற்றவர்கள், கல்லூரி மாணவர்கள், சாச்சியைப் போல மருந்தகத்தில் வேலை செய்பவர்கள்.

இதை 2007ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஆரம்பித்தவர் மார்ஷல் சோண்டர்ஸ். காணி, வீடு விற்பனைத் தொழில் செய்தவர். அதற்கு முன்பு மெக்சிகோவில் ஏழைப் பெண்களுக்குச் சிறுகடன் கொடுக்கும் பணியில் ஈடுபட்டிருந்தார். காலநிலை மாற்றத்தைப் பற்றி ஊர் ஊராக உரையாற்றினார். மின்குமிழை மாற்றுங்கள், காரைக் குறைவாக ஓட்டுங்கள் என்று அவர் சொல்ல, கேட்டவர்களும் செய்தார்கள். ஆனால் அதே காலத்தில் காங்கிரஸ் எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் மானியங்களை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆயிரம் வீடுகளில் மிச்சம் பிடித்ததை ஒரு சட்டம் ஒரே நாளில் விழுங்கிவிடும் என்று கண்டபோதுதான் அவர் சட்டம் ஆக்குபவர்களின் கதவைத் தட்டத் தொடங்கினார். 2019 டிசம்பரில் அவர் காலமாகும்போது அந்த அமைப்பு பல நாடுகளுக்கும் பரவியிருந்தது.

சந்திப்புக்குப் போகும் முன் அவர்கள் வேலையைப் பங்கிட்டுக்கொள்வார்களாம். ஒருவர் நேரத்தைக் கவனிக்க, ஒருவர் குறிப்பெடுக்க, ஒருவர் கோரிக்கையைச் சொல்ல, ஒருவர் ஆரம்பத்தில் நன்றி சொல்ல. அந்த நன்றி முகஸ்துதியாக இருக்கக்கூடாது. அவர் உண்மையாகவே செய்த ஒரு காரியத்தைத் தேடிப் பிடிக்கவேண்டும். கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் “தெரியாது, விசாரித்து அறிவிக்கிறோம்” என்று சொல்லி, பிறகு அப்படியே அறிவிக்கவும் வேண்டும்.

2023ஆம் ஆண்டின் கடைசிப் பகுதியில் சாச்சிக்கு முதல் சந்திப்பு. பயிற்சிக்கு ஆள் வேண்டும் என்று என்னை வீடியோ அழைப்பில் கூப்பிட்டார். அங்கே வெள்ளி இரவு, இங்கே சனிக்கிழமை காலை.

“நீதான் புள்ள அந்த மெம்பர். என்ன மடக்கப் பாரு.”

நான் தயங்கவில்லை. “பெற்றோலுக்கு விலை ஏறினா என்ட தொகுதியில ஆரு எனக்கு வாக்குப் போடுவாங்க?” என்று கேட்டேன்.

கேட்டது நடிப்புக்காக, ஆனால் சொல்லும்போதே அது நடிப்பாக இருக்கவில்லை. 2022இல் வாப்பா பெற்றோல் வரிசையிலேயே இரண்டு இரவுகள் கழித்தது எனக்கு ஞாபகம் வந்தது. எரிபொருள் விலை ஏறினால் மீன் விலை ஏறும், பஸ் கட்டணம் ஏறும் என்பதை எங்கள் வயதுப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை.

சாச்சி பதில் சொன்னார். அவர்கள் ஆதரிக்கும் திட்டத்தின்படி நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றைத் தோண்டி எடுக்கும் அல்லது இறக்குமதி செய்யும் இடத்திலேயே கட்டணம் அறவிடப்படும். 2019இல் பிரதிநிதிகள் சபைக்கு வந்த சட்டமூலத்தில் முதல் வருடம் தொன்னுக்கு 15 டொலர். பிறகு வருடாவருடம் 10 டொலர் கூடும். சேரும் பணத்தை, நிர்வாகச் செலவு போக, மக்களுக்கே சமமாகப் பங்கிட்டுக் கொடுக்கவேண்டும். வளர்ந்தவருக்கு முழுப் பங்கு, பிள்ளைக்கு அரைப் பங்கு. பெரிய வீடும் நான்கு காரும் உள்ளவர் அதிகம் எரிப்பதால் அதிகம் கொடுப்பார். சிறிதாக வாழும் குடும்பத்துக்குக் கொடுத்ததைவிடக் கிடைப்பது கூடுதலாக இருக்கும்.

கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் நான் அப்போது மெம்பர் அல்லவா? “அரசாங்கம் அந்தக் காசத் திருப்பித் தருமென்டு நான் எப்பிடி நம்புற?” என்றேன்.

சாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டார்.

உண்மையான சந்திப்பில் உறுப்பினர் இருக்கவில்லை. அவருடைய உதவியாளரான ஓர் இளைஞர்தான் வந்தார். இப்படித்தான் பெரும்பாலும் நடக்குமாம். நன்றி சொல்லும் பங்கு சாச்சிக்கு. அந்த உறுப்பினர் வட அமெரிக்காவின் பேரேரிகளைச் சுத்தப்படுத்தும் திட்டத்துக்கு ஆதரவானவர். இரண்டு கட்சிகளுமே ஆதரிக்கும் திட்டம் அது. சாச்சி அதற்கு நன்றி சொல்லிவிட்டு 2014 ஆகஸ்டைப் பற்றிப் பேசினார்.

அந்த மாதம் ஈரி ஏரியில் நீலப்பச்சைப் பாசி படர்ந்து, டொலிடோ நகரத்தின் குழாய்நீரில் நஞ்சு கலந்துவிட்டது. வயல்களிலிருந்து வழிந்தோடும் உரமும் வெப்பமான நீரும் சேர்ந்தால் அந்தப் பாசிக்குக் கொண்டாட்டம். ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேருக்கு மூன்று நாட்களாகக் குடிதண்ணீர் இல்லை. கொதிக்கவைத்துக் குடிக்கவும் முடியாது. கொதிக்கக் கொதிக்க நஞ்சு இன்னும் செறிவாகும். சாச்சியின் மகளுக்கு அப்போது எட்டு மாதம். பால்மா கரைக்கத் தண்ணீர் தேடி, கடை கடையாக ஏறி இறங்கினார்களாம்.

அந்த இளைஞர் பேனையை வைத்துவிட்டு, அப்போது தான் பாடசாலை மாணவன் என்றும், தன் தாய் மிச்சிகன் மாநிலத்துக்குக் கார் ஓட்டிப்போய்த் தண்ணீர் வாங்கிவந்தார் என்றும் சொன்னாராம். அதன் பிறகுதான் உண்மையான பேச்சு தொடங்கியது.

அந்த உறுப்பினர் சட்டமூலத்தில் கையொப்பமிட்டாரா என்றால், இல்லை. இன்றுவரை இல்லை.

“அப்ப எதுக்கு இந்த மரியாதையெல்லாம்?” என்று சாச்சியிடம் கேட்டேன். கேட்டதற்குக் காரணமும் இருந்தது. 2016இல் புளோரிடாவின் இரண்டு உறுப்பினர்கள், குடியரசுக் கட்சியின் கார்லோஸ் கர்பெலோவும் ஜனநாயகக் கட்சியின் டெட் டொய்ச்சும், காலநிலைக்காக ஒரு குழு அமைத்தார்கள். மழையே இல்லாத நாளிலும் பெருக்கு வந்தால் வீதியில் கடல்நீர் நிற்கும் கரையோரம் அவர்களுடையது. ஒரு கட்சியிலிருந்து ஒருவர் சேரவேண்டுமானால் மற்றக் கட்சியிலிருந்து ஒருவரைக் கூட்டிவர வேண்டும் என்பது விதி. 2018இல் அது 90 பேராக வளர்ந்தது. ஆனால் அதே ஆண்டு காபன் வரியைக் கண்டிக்கும் தீர்மானம் வந்தபோது அந்தக் குழுவின் குடியரசுக் கட்சியினரில் பெரும்பாலானோர் தீர்மானத்துக்கே ஆதரவாக வாக்களித்தார்கள். எதிர்த்து நின்ற கர்பெலோ அந்த நவம்பரில் தேர்தலில் தோற்றார். 2019ஆம் ஆண்டுச் சட்டமூலத்துக்கு 80 பேருக்கு மேல் இணை அனுசரணை வழங்கினார்கள். அவர்களில் குடியரசுக் கட்சிக்காரர் ஒரே ஒருவர். பெயருக்குச் சேருகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு போலும்.

சாச்சி எனக்கு இரண்டு வாக்கெடுப்புகளைச் சொன்னார். 2022 ஆகஸ்டில் அமெரிக்காவின் மிகப் பெரிய காலநிலைச் சட்டம் செனட்டில் 51க்கு 50 என்று நிறைவேறியது. எதிர்க்கட்சியில் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. சமநிலையை உடைத்தது உப ஜனாதிபதியின் வாக்கு. 2025 ஜூலையில் அச்சட்டத்தின் சலுகைகளில் பெரும்பகுதியைக் குறைக்கும் சட்டம் வந்தது. அதுவும் 51க்கு 50. அதுவும் உப ஜனாதிபதியின் வாக்கு. ஆள்தான் வேறு. ஆனால் 1990இல் காற்று மாசைக் கட்டுப்படுத்தும் சட்டத் திருத்தம் செனட்டில் 89க்கு 11 என்று இரு கட்சிகளின் ஆதரவோடு நிறைவேறியது. அமில மழைக்குக் காரணமான புகையைக் குறைத்த அந்தச் சட்டம் எத்தனையோ ஆட்சி மாற்றங்களைத் தாண்டி நிற்கிறது.

எனக்கு முழுத் திருப்தி இல்லை. கடல் காத்திருக்குமா என்ற கேள்வி மனதில் கிடக்கிறது. விவாத மேடையில் ஏறினால் இப்போதும் இரண்டு பக்கமும் பேசுவேன். ஆனால், எங்கள் சுற்றாடல் கழகம் பிரதேச சபைக்குக் கடிதம் எழுதியபோது, குப்பை வண்டி கடந்த ஆறு மாதமாக நேரத்துக்கு வருவதற்கு நன்றி என்று முதல் வரியில் போடச் சொன்னது நான்தான். தோழிகள் சிரித்தார்கள். வரி அப்படியே போயிற்று.

சாச்சி இந்த வருடமும் போகிறார். அந்த எட்டு மாதக் குழந்தைக்கு இப்போது 11 வயது. இம்முறை அவளும் கூடப் போகிறாளாம். நேரத்தைக் கவனிக்கும் வேலை அவளுக்கு. அதற்கென்றே ஒரு கைக்கடிகாரம் வாங்கித் தரச் சொல்லி, வாங்கியும் விட்டாள்.