வலத்தமாடும் இடது கிளிக்கும்

பரளச்சிப் பக்கம் உழவு டிராக்டருக்கு மாறி வெகுநாளாகிறது. ஆனாலும் வலத்தமாடு, இடத்தமாடு என்ற பேச்சு பெரியவர்கள் வாயை விட்டுப் போகவில்லை. நுகத்தடியில் வலப்பக்கம் நின்று பழகிய மாடு வலத்தமாடு. அதைக் கொண்டுபோய் இடப்பக்கம் பூட்டினால் சால் கோணும், மாடு முரண்டும், உழுகிறவனுக்குத் தொண்டை வறளும். மாட்டின்மேல் குற்றமில்லை. அது கற்றது அப்படி.

மதுரையில் அலுவலக வேலை பார்ப்பவர் ஒருவர் கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தார். வெளியே கரிசல் வெடித்துக் கிடந்தது. பகலில் தெருவில் ஆளில்லை. வீட்டுக்குள் அண்ணன் மகன் மடிக்கணினியில் போர் நடத்திக்கொண்டிருந்தான். ஓப்பன் ஆர்ஏ. 1996-இல் வந்த ரெட் அலர்ட் விளையாட்டை ஆர்வலர்கள் இலவசமாகப் புதுப்பித்துத் தந்திருப்பது. சித்தப்பாவுக்கும் கை ஊறியது. கல்லூரி நாளில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆடி விடுதிச் சோற்றை மறந்தவர் அவர். மவுஸை வாங்கினார், ஏழெட்டு டேங்குகளை வளைத்துப் பிடித்தார், எதிரி முகாமின்மேல் வலது பொத்தானை அழுத்தினார். ஒரு டேங்கும் அசையவில்லை. பிடித்த பிடியும் விட்டுப்போயிற்று.

“சித்தப்பா, வலது கிளிக் பண்ணாதீங்க, எல்லாம் கலைஞ்சுரும். இதுல எல்லாமே இடதுதான்.”

திண்ணையில் படுத்திருந்த தாத்தா தலையைத் தூக்கினார். “என்னப்பா, இடது வலதுன்னு கெடக்கு? மாடு பூட்டுறீகளா?”

ஏறக்குறைய அதுதான் நடந்துகொண்டிருந்தது. இந்த வகை ஆட்டங்களுக்கு வழி போட்டுக்கொடுத்த டியூன் 2, 1992-இல் வந்தது. அதில் ஒரு நேரத்தில் ஒரு வண்டியைத்தான் பிடிக்க முடியும். பிடித்து, ஓரப்பலகையில் ‘நகர்’ என்ற பொத்தானை அழுத்தி, பிறகு இடத்தைக் காட்ட வேண்டும். 1995-இல் வந்த கமாண்ட் அண்ட் கான்கர் அந்த நடுவேலையை எடுத்துவிட்டது. பிடிப்பதும் இடது கிளிக், ஏவுவதும் இடது கிளிக், விடுவதற்கு மட்டும் வலது. அதே ஆண்டு வந்த வார்கிராஃப்ட் 2, ஏவும் வேலையை வலது பொத்தானுக்குக் கொடுத்தது. 1997-இல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், 1998-இல் ஸ்டார்கிராஃப்ட் எல்லாம் அந்த வழியே போயின. எழுத்து விசைகளிலும் இதே கதை. எச் விசையைத் தட்டினால் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஊர் நடுவிலுள்ள தலைமைக் கட்டடத்துக்குக் கூட்டிப்போகும். ஸ்டார்கிராஃப்டில் படைவீரன் நின்ற இடத்தில் ஆணியடித்தாற்போல் நிற்பான். ஒன்றில் பழகிய விரல் மற்றதில் போரைத் தோற்கும்.

இந்தத் தோல்வி சித்தப்பாவுக்குப் புதிதல்ல. இருபது வயதில் அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறிப்போய்த் தட்டச்சு படித்தவர். இடக்கை நான்கு விரலுக்கும் ‘யளனக’ என்று தொடங்கிய பாடம், கொஞ்ச நாளில் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும் அளவுக்கு ஊறியது. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர். முத்தையா தமிழுக்கு ஆக்கித் தந்த தட்டச்சுப் பொறியின் வழி அது. அதன் உயிர்நாடி நகரா விசை. ‘ம்’ வேண்டுமென்றால் முதலில் புள்ளியைத் தட்ட வேண்டும், தாள் நகராது. அடுத்து ‘ம’வைத் தட்டினால் அது புள்ளிக்கு நேர் கீழே வந்து விழும். முதலில் புள்ளி, பிறகு எழுத்து.

வேலைக்குப் போன இடத்தில் கணினி இருந்தது. அதில் தமிழ்99 இருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் உருவாகி, அதே ஆண்டு தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. ‘க’வை இருமுறை தட்டினால் முதல் ‘க’வுக்குத் தானே புள்ளி விழும். கடைசி ‘ம்’முக்கு ‘ம’வை அடித்த பிறகு புள்ளி. கணினிக்குப் பொருத்தமான நல்ல ஏற்பாடுதான்; சந்தேகமில்லை. ஆனால் முதல் வாரம் அவர் அடித்த ‘வணக்கம்’ ஒன்றிலும் புள்ளி உரிய எழுத்தின் தலையில் உட்காரவில்லை. பக்கத்து மேசைக்காரர் ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடிப்பவர். ஒருவர் எழுந்துபோனால் இன்னொருவர் அந்த நாற்காலியில் உட்கார முடியாது.

ஒரே பலகையாக்கிவிட்டால் தீர்ந்ததே என்று சொல்வது எளிது. அரசு தமிழ்99-ஐ ஏற்ற பிறகும் பல ஆண்டுகள் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் தட்டச்சுத் தேர்வு பழைய இயந்திரத்தில்தான் நடந்தது. குரூப் 4 தட்டச்சர் வேலையைக் கனவு கண்டு, மழை பொய்த்த கிராமங்களிலிருந்து போன பிள்ளைகள் ஒரு வரிசையைக் கற்று, வேலை கிடைத்த இடத்தில் வேறொன்றைக் கற்றார்கள். அவருக்குப் பழக மூன்று மாதம் ஆயிற்று. இன்றும் அவசரக் கடிதம் என்றால் விரல் முதலில் புள்ளியைத்தான் தேடும்.

விளையாட்டு செய்தவர்கள் வேறு வழியில் போனார்கள். கமாண்ட் அண்ட் கான்கர் வரிசையில் 2003-இல் வந்த ஜெனரல்ஸ், மவுஸ் முறையை மாற்றிக்கொள்ள ஒரு தேர்வை வைத்தது. ஓப்பன் ஆர்ஏ-விலும் கிளாசிக், மாடர்ன் என்று இரண்டு உண்டு. கிளாசிக்கில் இடது ஏவும். மாடர்னில் வலது ஏவும். மாட்டை மாற்றாமல் நுகத்தடியைத் திருப்பிப் பூட்டும் ஏற்பாடு.

அன்று இரவு பையன் தூங்கியபின் சித்தப்பா அதை மாடர்னுக்கு மாற்றினார். விரல்களுக்கு ஊர் திரும்பிய மாதிரி இருந்தது. இரண்டு மணி வரை ஆடி, எதிரியைத் தரைமட்டமாக்கிவிட்டுப் படுத்தார். விடிந்ததும் அருப்புக்கோட்டை பஸ். பாதி வழியில் போன் வந்தது.

“சித்தப்பா, டேங்கு ஒண்ணுகூட நகர மாட்டேங்குது. என்ன பண்ணித் தொலைச்சீங்க?”

பின்னணியில் தாத்தா சிரிப்பது கேட்டது. பஸ் இரைச்சலுக்கு மேலாக, செட்டிங்ஸில் எதைத் தொட வேண்டும் என்று அவர் சத்தம் போட்டுச் சொல்லத் தொடங்கினார். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.