துக்ளக்கும் அத்தாவின் தராசும்

அரியக்குடி என்றதும் இசை அன்பர்களுக்கு இராமானுஜ ஐயங்கார் நினைவுக்கு வருவார். நமக்கு நினைவுக்கு வருவது குத்துவிளக்கு. நம் அத்தா அவ்வூர்ப் பட்டறைகளில் விளக்கும் செம்பும் எடுத்து வெளியூர்களில் விற்று வந்தார்கள். ஒருமுறை சரக்கெடுக்க உடன் அழைத்துச் சென்றவர்கள், திரும்பும் வழியில் காரைக்குடியில் ஒரு படமும் காட்டினார்கள். 1971ல் வெளிவந்த ‘முகமது பின் துக்ளக்’ அது.

வழக்குரைஞராயிருந்து நாடகத்துக்கும், 1963ல் ‘பார் மகளே பார்’ வழியாகத் திரைக்கும் வந்தவர் சோ ராமசாமி. மழித்த தலை, உருட்டும் விழிகள், மூச்சுவிடாத பேச்சு. ஆடிப் பாடிச் சிரிக்கவைத்தவர்கள் நம்மிடையே பலருண்டு. அரசியல் வாதத்தையே நகைச்சுவையாக்கிப் பிழைத்தவர் இவர். 1968ல் மேடையேறிய தம் நாடகத்தை இவரே இயக்கி, துக்ளக்காகவும் நடித்தார். இறைவனைப் போற்றும் பாடல் ஒன்றை எம்.எஸ்.விஸ்வநாதனே அதில் பாடியிருந்தார். கொட்டகையில் அத்தா அதற்குத் தலையசைத்ததை நாம் கண்டோம்.

கதை தெரிந்ததே. கல்லறையிலிருந்து துக்ளக்கும் இப்னு பதூதாவும் உயிரோடு எழுந்து வந்ததாக நாடே நம்புகிறது. துக்ளக் தேர்தலில் வென்று பிரதமராகிறார். பாரசீகம் ஆட்சிமொழியாகிறது. கட்சி மாறி வந்தவரெல்லாம் துணைப் பிரதமராகிறார்கள்! உண்மையில் இருவருமே வேடதாரிகள்.

நாமும் விழுந்து விழுந்து சிரித்தோம். மறுநாள் பள்ளியில் ஒருவன் நம்மைத் ‘துக்ளக்’ என்றான்; மாலைக்குள் வகுப்பே அப்படி அழைத்தது. பெயரின் முன்னால் முகமது என்றிருந்ததே போதுமானதாயிற்று. அழுதுகொண்டு வந்து அத்தாவிடம் முறையிட்டோம். அவர்கள் பித்தளை நிறுத்துக்கொண்டிருந்தார்கள்.

“அந்த ராசா செம்பையும் பித்தளையையும் வெள்ளிக் காசு மதிப்புக்கு ஓடவிட்டார். பட்டறை வைத்திருந்தவனெல்லாம் வீட்டிலேயே காசடித்தான். கடைசியில் கள்ளக்காசையும் வாங்கிக்கொண்டு கஜானாவிலிருந்து வெள்ளி கொடுத்தார். இதில் பைத்தியம் யார், திருடன் யார்? நீயே சொல்லத்தா” என்றார்கள். நமக்கு அப்போது விடை தெரியவில்லை.

பின்னாளில் இப்னு பதூதாவின் பயணக் குறிப்பைப் படித்தபோதுதான் அத்தாவின் கேள்வி விரிந்தது. 1325 முதல் 1351 வரை ஆண்ட அந்தச் சுல்தானிடம் தில்லியின் காஜியாகப் பணிபுரிந்தவர் பதூதா. கொடையையும் கொடுமையையும் ஒருசேர எழுதினார். அரண்மனை வாயிலில் கிடந்த பிணங்களை மறைக்கவில்லை. அவரே இன்னொன்றும் எழுதுகிறார். காரணமின்றித் தன்னை அடித்துவிட்டார் என்று ஒரு சிறுவன் சுல்தான்மேல் வழக்குத் தொடுத்தான். தீர்ப்புச் சுல்தானுக்கு எதிரானது. சுல்தான் அவனை வரவழைத்துக் கையில் பிரம்பைத் தந்தார். நாம் அடித்தவாறே நீயும் அடி என்றார். சிறுவன் 21 அடி கொடுத்தான். சுல்தானின் தொப்பி பறந்து விழுந்ததாம்.

சோவின் படத்தில் இவற்றுக்கு இடமில்லை, இருக்கவேண்டிய கட்டாயமுமில்லை. வரலாறு சொல்ல அவர் வரவில்லை. உற்றுப் பார்த்தால் அவர் கேலி செய்தது துக்ளக்கையே அல்ல, வேடதாரிக்கு வாக்களித்த நம் எல்லாரையுமே. ஆனால் சிரித்துவிட்டு வந்த ஊர், கேலியைத் தன் தலையில் ஏற்றுக்கொள்ளாமல் பக்கத்து பெஞ்சுப் பையன் தலையில் வைத்துவிட்டது. நையாண்டிக்காரர் இதற்குப் பொறுப்பாளியா? ஓரளவு ஆவார் என்றே நினைக்கிறோம். 1970 சனவரியில் தாம் தொடங்கிய இதழுக்கும் அதே பெயரை வைத்து, அச்சொல்லை வீடுதோறும் கொண்டு சேர்த்தவரும் அவரேயல்லவா! அவருடைய அரசியலில் பெரும்பகுதி நமக்கு உடன்பாடன்று. ஆட்சியிலிருந்தவர்களைக் கேலிசெய்ய அஞ்சாத அந்தத் துணிவை மட்டும் மறுக்க மனம் வரவில்லை.

2016 டிசம்பர் 7ல் அவர் மறைந்தார். சில நாள் கழித்து அப்படத்தை வீட்டில் மீண்டும் பார்த்தோம். பேரன் வயிறு குலுங்கச் சிரித்தான். இடையில் திரும்பி, “நன்னா, இவர் நிஜமாகவே இப்படித்தான் இருந்தாரா?” என்றான். பிரம்படி வாங்கிய சுல்தானின் கதையைத் தொடங்கினோம். படத்தைச் சற்று நிறுத்தச் சொன்னான்.