மிதிச்சா... காலுக்குத் தெரியணும்!

துணிக்கடைக்கு என்னை நம்பி யாரும் கூட்டிக்கொண்டு போக மாட்டார்கள். காரணம் இருக்கிறது. எனக்குச் சிவப்பும் பச்சையும் அண்ணன் தம்பி மாதிரி. கொஞ்சம் அடர்த்தியான சிவப்பு என்றால் அது கறுப்பேதான். கல்யாணமான புதிதில், மனைவி ஓர் அரக்குக் கலர் புடவையைப் பிரித்து, "எப்படி இருக்கு?" என்று ஆசையாகக் கேட்டாள். "கறுப்பு உனக்கு நல்லாத்தான் இருக்கும்" என்றேன். அந்த வாரம் முழுக்க உப்பில்லாத ரசம்!

அப்பேர்ப்பட்ட என்னை, 2023 ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, என் தம்பி கடைக்குக் கூப்பிட்டான். எதற்கு? ஏர்லைன்ஸ் பைலட்டாகச் சேரப் போகிறவன் போட்டுக்கொள்ள வேண்டிய பனியன், சாக்ஸ், பெல்ட், ஷூ எல்லாம் பார்த்து வாங்க!

"ஏன்டா, என்னைப் போய்..."

"அப்பாவும் வர்றாருண்ணே. பேலன்ஸ் ஆயிடும்."

அப்பா, அரசு பஸ்ஸில் முப்பத்திரண்டு வருஷம் டிரைவர். 2017-ல் ரிடையர் ஆனார். அவர் வாழ்க்கையில் யூனிஃபார்ம் என்றால் ஒரே கலர்தான். காக்கி. அதைத் துவைத்து, கஞ்சி போட்டு, சொம்பில் நெருப்புத் துண்டு போட்டு இஸ்திரி செய்துகொண்டு போவார். திரும்பி வரும்போது அது என்ன கலர் என்று எனக்கு மட்டுமில்லை, யாருக்குமே தெரியாது.

ஆக, ஒரு காக்கி, ஒரு கலர் குருடு, நடுவில் ஒரு பைலட். கிளம்பினோம்.

*

ரயிலில் தம்பி லிஸ்ட்டைக் காட்டினான். சட்டை, பேண்ட், டை, தோளில் மாட்டும் பட்டை எல்லாம் கம்பெனி கொடுத்துவிடுமாம். மற்றது நம் பொறுப்பு. (எல்லாக் கம்பெனியிலும் இப்படியே இருக்காது. ஆளுக்கு ஒரு வழக்கம்.)

"அந்தப் பட்டையில கோடு எத்தினி?" என்றார் அப்பா.

"கேப்டனுக்கு நாலுப்பா. ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு மூணு. புதுசா சேர்றவனுக்கு சில கம்பெனில ரெண்டு."

"எங்களுக்கு ஒண்ணும் கிடையாது. ஹாரன்தான்."

பைலட் ஏன் கப்பல் கேப்டன் மாதிரி டிரஸ் போடுகிறார் என்று யோசித்திருக்கிறீர்களா? ஆரம்ப காலத்து விமானிகள் தோல் ஜாக்கெட், தூசுக் கண்ணாடி, கழுத்தில் ஸ்கார்ஃப் என்று கிட்டத்தட்ட மெக்கானிக் மாதிரிதான் இருந்தார்கள். அதைப் பார்த்து எந்தப் பயணி துணிந்து ஏறுவான்? 1930-களில் அமெரிக்காவின் பான் ஆம் கம்பெனி தண்ணீரில் இறங்கும் பெரிய பறக்கும் படகுகளை ஓட்டியது. அவற்றுக்குக் 'கிளிப்பர்' என்று பாய்மரக் கப்பலின் பெயரை வைத்தார்கள். பைலட்டுக்கும் கடற்படை மாதிரி கோட்டு, கையில் தங்கக் கோடு, வெள்ளைத் தொப்பி! 'கவலைப்படாதே, இவர் கப்பல் கேப்டன் மாதிரி பொறுப்பானவர்' என்று உடுப்பே சொல்லிவிட்டது. அப்புறம் உலகம் பூரா அதே ஃபேஷன்.

பனியன் கடையில் முதல் சண்டை. பளபளவென்று, வேர்வை தெரியாத நைலான் சரக்கை சேல்ஸ்மேன் எடுத்துப் போட்டார். தம்பி தொடக்கூட இல்லை. "சுத்தக் காட்டன் குடுங்க" என்றான்.

"ஏன்டா, இதுதான் காய்றதுக்கு ஈஸி."

"தீ பிடிச்சா நைலான் உருகித் தோல்ல ஒட்டிக்கும்ணே. காட்டன், கம்பளின்னா ஒட்டாது."

கடையில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பனியன் வாங்கும்போது யாராவது தீயைப் பற்றி யோசிப்பார்களா? இவன் யோசிக்கிறான். அதற்குத்தான் சம்பளம்.

கூலிங் கிளாஸ் கடையிலும் இதே கதை. விலை கூடின 'போலரைஸ்டு' கண்ணாடி வேண்டாம் என்று தள்ளிவிட்டான். அதைப் போட்டுக்கொண்டு பார்த்தால் காக்பிட்டில் இருக்கும் திரைகள் சில கோணத்தில் கறுத்துப் போகுமாம். கடைக்காரர், "அஞ்சு வருஷமா விக்கிறேன், வேணாம்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான் சார்" என்றார்.

*

இந்த இடத்தில் என் சுயபுராணம் கொஞ்சம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

விமானம் ஓட்ட முதலில் ஆசைப்பட்டவன் தம்பி இல்லை. நான்! பத்தாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை. ஜப்பான் டாக்டர் இஷிஹாரா 1917-ல் வெளியிட்ட புள்ளி அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். ஓர் அட்டையில் எல்லோருக்கும் 74 தெரிந்தது. எனக்கு 21 தெரிந்தது. டாக்டர் அம்மா சிரித்துக்கொண்டே, "பெரியவனாகி என்னவாகப் போறே?" என்றார். சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டார்.

ரன்வேயின் ஆரம்பத்தில் பச்சை விளக்கு, முடிவில் சிவப்பு விளக்கு. எனக்கு ஆரம்பமும் முடிவும் ஒன்றுதான். இப்படிப்பட்டவன் கையில் யார் விமானத்தைக் கொடுப்பார்கள்?

காமர்ஸ் குரூப் எடுத்தேன். பி.காம். டெபிட், கிரெடிட்டுக்குக் கலர் தேவையில்லை. (நஷ்டத்தைச் சிவப்பு மையில் எழுதினாலும் எனக்குக் கறுப்பாகத்தான் தெரியும் என்பது கூடுதல் சௌகரியம்!) கொஞ்ச நாள் ஆடிட்டர் ஆபீஸ், அப்புறம் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைப்பு.

2017-ல் அப்பாவுக்கு பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து கைக்கு வந்தது. அதற்குள் தம்பி பிளஸ் டூவில் பிஸிக்ஸ், மேத்ஸ் படித்துப் பாஸ் செய்து, டிகிரியும் முடித்து, ஃபிளையிங் ஸ்கூல் அப்ளிகேஷனோடு நின்றான். கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் மீட்டர் ஓடும். அப்பாவின் பணம் பாதிக்குத்தான் காணும். மீதிக்கு வீட்டுப் பத்திரம்.

ஒரு ராத்திரி அப்பா என்னைத் திண்ணைக்குக் கூப்பிட்டு, "பெரியவனே, உனக்கொண்ணும் வருத்தமில்லியே?" என்று கேட்டார்.

"சேச்சே, இல்லப்பா" என்றேன்.

பொய்.

அவன் லைசென்ஸ் வாங்கியது 2020 பிப்ரவரி. மார்ச் 25-ம் தேதி நாட்டில் பயணிகள் விமானம் அத்தனையும் தரையில் நின்றது. மே 25-ல் உள்நாட்டு சர்வீஸ் திரும்பத் தொடங்கினாலும், புதுப் பையனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? பகலில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன், ராத்திரியில் கால் சென்டர் என்று கிட்டத்தட்ட மூன்று வருஷம் ஓட்டினான். பாங்க்கிலிருந்து போன் வந்தால் வீட்டில் யாரும் எடுக்க மாட்டோம். அப்போது எனக்குள் ஒரு அல்பன் உட்கார்ந்துகொண்டு, 'நான் காமர்ஸ் எடுத்ததே புத்திசாலித்தனம், பார்த்தியா?' என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்த அல்பனை இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

*

ஷூவுக்கு வருவோம்.

பாண்டி பஜார் பக்கம் முதல் கடை. கண்ணாடி மாதிரி மின்னும், மூக்கு நீண்ட ஷூவை நீட்டி, "மாப்பிள்ளைக்கா சார்? கோட்டு சூட்டுக்கு அம்சமா இருக்கும்" என்றார்கள். தம்பி போட்டு நடந்தான். வளைத்துப் பார்த்தான். "உள்ள இரும்புத் தகடு இருக்கா?" என்றான்.

"கியாரண்டியா இருக்கு சார்! ஸ்ட்ராங்கு!"

"அப்ப வேணாம்."

ஏர்போர்ட் செக்யூரிட்டியில் பைலட்டும் மெட்டல் டிடெக்டர் வழியாகத்தான் போக வேண்டும். தகடு வைத்த ஷூ என்றால் ஒவ்வொரு தடவையும் 'பீப்'. கழற்றி மாட்டியே கேப்டனாகிவிடலாம்.

இரண்டாவது கடையில் தோல் சோல். நடந்தால் 'டக் டக்' என்று ஜமீன்தார் சத்தம். எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் மழையில் நனைந்த தரையில் வழுக்கும். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் பைலட்டுகளில் ஒருவர் கீழே இறங்கி, விமானத்தைச் சுற்றி வந்து டயர், என்ஜின், இறக்கை எல்லாவற்றையும் கண்ணால் பார்க்க வேண்டும். மழையோ, நடுராத்திரியோ, விதிவிலக்கு இல்லை.

"நாங்களும் டயரைத் தட்டிப் பாத்துட்டுத்தான் ஏறுவோம்" என்றார் அப்பா. முகத்தில் ஒரு திருப்தி.

மூன்றாவது, பெரியமேடு. தோல் சாமான்களுக்குப் பேர் போன இடம். ஒரு சின்னக் கடையில் வயதான பாய் ஒருவர். சரக்கு ஆம்பூரிலிருந்து வருகிறது என்றார். சாயங்காலம் ஆகிவிட்டதே என்று நான் அலுத்துக்கொண்டேன். "சாயந்தரம்தான் தம்பி ஷூ வாங்கணும். காலையில வாங்குனா மாலையில கடிக்கும். கால் அதுக்குள்ள கொஞ்சம் உப்பிடும்" என்றார். மணிக்கணக்காக உட்கார்ந்தே இருக்கும் பைலட்டுக்கு இது இரட்டைப் பொருத்தம்.

சோலில் இரண்டு தினுசு வைத்தார். ஒன்று தடியானது, மெத்தை மாதிரி. இன்னொன்று மெல்லிசு ரப்பர். தம்பி மெத்தையை எடுத்தான். நாள் பூரா நிற்கலாம், நடக்கலாம் என்றான்.

அதுவரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்தார்.

"ஏன்டா, அதுல கால்ல மிதிக்கிறது என்ன இருக்கு?"

"ரெண்டு பெடல் இருக்குப்பா. பெடலை முன்னால தள்ளினா வால் பக்கம் இருக்கிற ரடர் திரும்பும். மேல் பக்கத்தை விரல் பக்கமா அழுத்தினா பிரேக்."

"எப்ப மிதிப்பே?"

"ரன்வேயில ஓடும்போது நேரா வெச்சுக்கணும்ல? பக்கத்துலருந்து காத்தடிச்சா மூக்கு திரும்பும். கொஞ்சம் கொஞ்சமா கால்லயே சரி பண்ணணும்."

"பிரேக் நீதான் போடுவியா?"

"இறங்கினதும் ஆட்டோ பிரேக் பிடிக்கும்பா. வேகம் குறைஞ்சதும் நாங்க கால்ல மிதிச்சு எடுத்துக்குவோம்."

அப்பா அந்த மெத்தை ஷூவை வாங்கினார். கட்டை விரலால் சோலை அழுத்தினார். அப்புறம் மெல்லிசை அழுத்தினார்.

"முப்பத்திரண்டு வருஷம் செருப்பைக் கழட்டி வெச்சுட்டுத்தான் ஓட்டினேன். டிப்போவுல திட்டுவாங்க. ஆனா வெறுங்கால்ல மிதிச்சாத்தான் வண்டி என்ன சொல்லுதுன்னு காலுக்குத் தெரியும். உனக்கு வெறுங்கால் ஆகாது. அதுக்கு அடுத்தது இதுதான். மிதிச்சா... காலுக்குத் தெரியணும். என் வண்டியில 55 சீட்டு. உனக்கு எத்தினி?"

"180, ப்பா."

"அப்ப மெல்லிசை எடு."

பாய், "பெரியவர் சொல்றதுதான் சரி" என்று பில் போட ஆரம்பித்துவிட்டார். தம்பி மறுபேச்சுப் பேசவில்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்த இன்ஸ்ட்ரக்டர்கள் எத்தனையோ பேர். அப்பா அன்றைக்குத்தான் அந்த வரிசையில் சேர்ந்தார்.

3,200 ரூபாய். அப்பா சட்டைப் பைக்குள் கை விட்டார். அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். தம்பிக்கு முதல் சம்பளம் இன்னும் வரவில்லை. என்னிடம் அந்த வாரம்தான் ஒரு பத்திரிகையிலிருந்து மூன்று கட்டுரைக்கான பணம் வந்திருந்தது. எண்ணிக் கொடுத்தேன்.

வெளியே வந்ததும், "எதுக்குடா கலர் தெரியாதவனை இழுத்துட்டு வந்தே?" என்று மறுபடி கேட்டேன்.

"ரெண்டு பேர் கனவுண்ணே. ஒருத்தன் மட்டும் வந்து ஷூ வாங்கினா நல்லாவா இருக்கும்?" என்று சொல்லிவிட்டு, ஷேர் ஆட்டோ பிடிக்க ஓடிவிட்டான்.

நல்லவேளை ஓடினான். என் முகத்தை அப்போது யாரும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

*

பின்குறிப்பாக இரண்டு விஷயம்.

ஒன்று: கறுப்பு சாக்ஸ் ஆறு ஜோடி நான்தான் தேர்ந்தெடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதில் ஒரு ஜோடி மெரூனாம்! யூனிஃபார்முக்கு ஆகாது. மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றேன். தம்பி கொடுக்கவில்லை. பைக்குள் அடியில் வைத்துக்கொண்டு போகிறானாம்.

இரண்டு: அவன் முதல் முறையாகச் சென்னைக்கு வந்து இறங்கிய சாயங்காலம், பொழிச்சலூரில் ஒரு நண்பன் வீட்டு மொட்டைமாடிக்கு அப்பாவைக் கூட்டிப் போனேன். பக்கத்து சீட்டில் சொல்லித்தரும் கேப்டன். இறக்கப் போவது அவரா, நம் பையனா என்பது எங்களுக்குத் தெரியாது.

வந்தது. சக்கரம் தரையைத் தொட்டுக் கொஞ்சம் புகை. நான் விமானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தற்செயலாகக் கீழே பார்த்தேன். அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். அவருடைய வலது கால், மொட்டைமாடித் தரையை மெதுவாக, ரொம்ப மெதுவாக, அழுத்திக்கொண்டிருந்தது.

விமானம் திரும்பிய பிறகுதான் காலை எடுத்தார்.