உடைக்காமல் கண்டுபிடிக்கிறவர்

கீழ்வீட்டுக் குளியலறைக் கூரையில் ஓதம் இறங்கினால் முதலில் நின்றுபோவது இரண்டு வீட்டுக்காரர்களுக்கு இடையிலான பேச்சு. சென்னையில் 1980களில் எழும்பிய அடுக்குமாடிகளில் இது ஓயாத வழக்கு. மேற்கு மாம்பலத்தில் அப்படியொரு கட்டடத்தில் சங்கச் செயலாளராக இருக்கும் நண்பர், "எங்க பிளம்பர் வேலை செய்யும்போது கூட இருந்து பாருங்க, உங்களுக்கு எழுத விஷயம் கிடைக்கும்" என்று கூப்பிட்டார். போனேன்.

எனக்கு முன்பே ஒரு கான்ட்ராக்டர் வந்து போயிருந்தார். மேல்வீட்டுக் குளியலறைத் தரையை முழுக்க உடைத்து, வாட்டர்ப்ரூஃபிங் செய்து, புது டைல்ஸ் ஒட்ட வேண்டும் என்பது அவர் தீர்ப்பு. தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியது.

பிளம்பர் அண்ணனுக்கு அறுபதை ஒட்டிய வயது. பையைத் திறக்கவே இல்லை. கீழ்வீட்டு அம்மாவிடம் கேட்டார்: "ஈரம் எந்நேரமும் இருக்குதாம்மா, மேல குளிச்சா மட்டும் வருதா?"

"எப்பவும்தாம்ப்பா இருக்கு. காலைல எட்டு மணிக்கு மேல சொட்ட ஆரம்பிச்சிடும்."

இந்தக் கேள்விக்குள் தொழிலின் பாதி இருக்கிறது. குழாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் லைனில் ராத்திரி பகல் எந்நேரமும் அழுத்தம் உண்டு. அது விட்டிருந்தால் யார் குளித்தாலும் குளிக்காவிட்டாலும் கசியும். கழிவு லைன் தண்ணீர் ஊற்றினால்தான் கசியும். ஆனால் அந்த அம்மா சொன்னதில் இரண்டும் இருந்தன. "கான்கிரீட்டு தண்ணியைக் குடிச்சு வெச்சுக்கும் சார். குளிக்கிறதை நிறுத்தி நாலு நாள் ஆனாலும் ஈரம் காட்டும். அதை நம்பி முடிவு பண்ணக் கூடாது" என்றார் அண்ணன்.

மேலே போய் எல்லாக் குழாய்களையும் மூடச் சொன்னார். முழ நீளத்துக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் வைத்திருக்கிறார். மரக்கைப்பிடி, முனை தேய்ந்து மழுங்கிவிட்டது. திருகுகிற வேலைக்கு அதை எடுப்பதே இல்லையாம். முனையைக் குழாயின் கழுத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டார். தண்ணீர் எங்காவது பீறிட்டால் 'ஸ்ஸ்' என்று மெல்லிய இழையாகச் சத்தம் வரும். தொட்டித் தண்ணீருக்கு அழுத்தம் குறைவு என்பதால் அதுவும் மிகச் சன்னமாகத்தான் வரும். 10 மீட்டர் உயரத்துத் தண்ணீருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் என்பது கணக்கு. தொட்டிக்கும் மேல்மாடி ஷவருக்கும் நடுவே 2 மீட்டர் இருந்தாலே அதிகம். மேல்மாடிக்காரர்கள் ஷவரில் தண்ணீர் வரவில்லை என்று ஷவராக மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். தொட்டியை உயர்த்தாமல் அது தீராது என்று போகிற போக்கில் சொன்னார். சுவரின் நான்கு இடங்களில் காது கொடுத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். சத்தம் இல்லை.

காதை மட்டும் நம்பிவிடவில்லை. மொட்டை மாடிக்குப் போய் அந்த வீட்டுக்கு இறங்கும் லைனின் கேட் வால்வைத் திருகிப் பார்த்தார். போர் தண்ணீரின் உப்பு ஏறி, பேருக்குத்தான் மூடியது. யூனியனைக் கழற்றி டம்மி அடித்தார். "இன்னிக்கு ராத்திரி பக்கெட்ல புடிச்சு வெச்ச தண்ணியைப் பொழங்கிக்குங்க." மறுநாளும் கீழே சொட்டு குறையவில்லை. வரும் லைன் குற்றமற்றது.

அடுத்தது தரை. குளியலறைத் தரையில் இருக்கும் நானி ட்ராப்பின் வாயை, பாலிதீன் பைக்குள் துணி வைத்துச் சுருட்டி இறுக்கி அடைத்தார். இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டி, அது நின்ற மட்டத்தை டைல்ஸில் பென்சிலால் கோடு போட்டார். டைல்ஸ் இடுக்கு விட்டிருந்தால் மட்டம் இறங்கும். கீழே சொட்டு கூடும். மாலைவரை கோட்டைவிட்டுத் தண்ணீர் நகரவில்லை. அடைப்பைப் பிடுங்கினார். மடமடவென்று இறங்கிய தண்ணீர் ஓய்ந்து சற்று நேரத்தில் கீழிருந்து அந்த அம்மாவின் குரல்: "சொட்டுதுப்பா!"

தரை நன்றாக இருக்கிறது. ட்ராப்பின் கழுத்தில்தான் கோளாறு. ஒரு சதுர அடி மட்டும் உடைத்தார்கள். பழைய வார்ப்பிரும்பு ட்ராப்போடு யாரோ பிவிசி பைப்பைச் சொருகி, சிமெண்டால் பூசி விட்டிருந்தார்கள். பிவிசியில் சிமெண்ட் பிடிக்காது. காலப்போக்கில் மயிரிழை அளவுக்கு விட்டுவிடும். மாற்றிப் பூட்டிய விவரத்தை விட்டுவிடுகிறேன். கைதேர்ந்த யாரும் செய்யக்கூடிய வேலை அது. கண்டுபிடித்ததுதான் பெரிய வேலை.

அந்தப் பெரிய வேலைக்குத்தான் கூலி இல்லை. பொருளுக்கு விலை உண்டு, உடைக்க, பூச, டைல்ஸ் ஒட்டச் சதுர அடிக்குக் கணக்கு உண்டு. மேல்வீட்டுக்காரர் ஒரு லட்சம் செலவு செய்ய மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்தவர், அண்ணன் 2,000 ரூபாய் கேட்டபோது, "ரெண்டு மணி நேர வேலைக்கா?" என்றார். இரண்டு நாள் காதும் கண்ணும் வைத்துக் காத்திருந்தது அவர் கணக்கில் வரவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. கான்ட்ராக்டருக்கு உடைத்தால்தான் லாபம். ஹார்டுவேர் கடை, இந்த பிராண்ட் குழாயை வாங்க வைத்தால் இவ்வளவு என்று கமிஷன் தருகிறது. அண்ணன் சில மாதம் சேர்ந்திருந்த ஒரு செயலிக் கம்பெனி, கூலியில் தன் பங்கை முதலில் எடுத்துக்கொண்டு, குறித்த நேரத்துக்குள் முடிக்கவில்லை என்றால் மதிப்பெண்ணைக் குறைத்தது. பொறுத்திருந்து பார்க்கிறவனை இந்த ஏற்பாட்டில் எல்லோரும் சேர்ந்து தண்டிக்கிறோம். வீட்டுக்காரர்களான நாமும் இதில் கூட்டு. டாக்டரிடம் மருந்தே எழுதாவிட்டாலும் ஃபீஸ் கொடுத்துவிட்டு வருகிறோம். பிளம்பர் வாஷரை மட்டும் மாற்றிக் குழாயைக் காப்பாற்றினால், வாஷர் என்ன விலை என்று கேட்கிறோம்.

அண்ணன் திண்டிவனம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பதினைந்து வயதில் வந்தவர். அப்போது எல்லாம் ஜிஐ பைப். 20 அடி நீளத்தைத் தோளில் தூக்கி மாடியேற்றி, டை செட் வைத்து மரை வெட்டி, சணலைச் சுற்றி, வெள்ளை தடவி முறுக்க வேண்டும். மரை வெட்டிய காலத்து இரும்புச் சுருள் கிழித்த தழும்பு உள்ளங்கையில் இருக்கிறது. அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்துக்காரர். இந்தியாவில் எந்தப் பெருநகரத்துக்குப் போனாலும் அந்த மாவட்டத்துப் பிளம்பர் இருப்பார். அங்கே பட்டாமுண்டையில் பிளம்பிங்குக்கென்றே ஓர் அரசுப் பயிற்சி நிலையமும் உண்டு. இப்போது அண்ணனிடம் கையாளாக இருக்கும் பையனும் அந்த ஊர்தான். "எங்க மேஸ்திரி எனக்குக் குடுத்ததை அவங்க ஊருக்கே திருப்பிக் குடுக்குறேன்" என்றார்.

அந்தப் பையனின் கண் ஒருமுறை போகத் தெரிந்தது. அடைத்துக்கொண்ட சிங்க்கில் வீட்டுக்காரர் ஆசிட் ஊற்றியிருக்கிறார். இளகவில்லை என்று மேலே ப்ளீச்சிங் பவுடரையும் கொட்டியிருக்கிறார். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். விஷயம் தெரியாமல் பையன் குனிந்திருக்கிறான். அன்றிலிருந்து அண்ணன் வாசலிலேயே, "உள்ள என்ன ஊத்துனீங்க?" என்று கேட்காமல் அடைப்பில் கை வைப்பதில்லை. செப்டிக் டேங்கில் இறங்கச் சொன்னால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். பாதுகாப்புக் கவசம் இல்லாமல் கழிவுக்குழியில் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது என்பது அவருக்குத் தெரியும். கூப்பிடுகிறவர்களுக்குத்தான் தெரியவில்லை, அல்லது தெரிந்தே கேட்கிறார்கள்.

சின்னக் கோளாறுகளை வீட்டுக்காரர்களே பார்க்கலாம் என்கிறார். ஃப்ளஷ் டேங்கில் சொட்டு நீலம் விட்டு அரை மணி நேரம் இழுக்காமல் இருந்தால், கோப்பையில் நீலம் தெரிகிறதா என்று பார்த்து உள்வாஷர் போய்விட்டதைக் கண்டுகொள்ளலாம். மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லையா? ஏர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுங்கள். நின்றால் சரி. இறங்கிக்கொண்டே போனால் பெரும்பாலும் ஃபுட் வால்வில் மண்ணோ கல்லோ சிக்கியிருக்கும்; மோட்டாரைக் கழற்றிக் கடைக்குத் தூக்க வேண்டியதில்லை. பூட்டியே கிடக்கும் அறையின் பாத்ரூமில் நாற்றம் வந்தால் ட்ராப்பில் தண்ணீர் காய்ந்திருக்கும். ஒரு சொம்பு ஊற்றினால் போதும்.

அவருக்கு ஒரு கோரிக்கை உண்டு. புதுவீடு கட்டுகிற எல்லோரிடமும் சொல்கிறார். அவருடைய நேரத்தில் பெரும்பகுதி, சுவருக்குள் லைன் எங்கே போகிறது என்று தேடுவதில்தான் போகிறது. போட்டவர் எங்கேயோ, வீடு கைமாறி யார் கையிலோ. அதனால் பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுக்கச் சொல்கிறார். வெறும் போட்டோ போதாது: தரையிலிருந்து ஒரு டேப்பையும் மூலையிலிருந்து ஒரு டேப்பையும் சுவரோடு ஒட்டிப் பிடித்து, எண்கள் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும். பிரிண்ட் போட்டு வீட்டுப் பத்திரத்தோடு வைக்க வேண்டும், போன் தொலைந்தால் போய்விடும் என்பதால். நண்பரின் சங்கம் அடுத்த கூட்டத்தில் இதையும், கோளாறு பார்க்கத் தனிக் கட்டணம் என்பதையும் தீர்மானமாக வைக்கிறது. மேல்வீட்டுக்காரர் இரண்டாவதை எதிர்க்கப் போவதாக இப்போதே சொல்லிவிட்டார்.