ஓஸ்லோ இருட்டில் ஒளிரும் தேள்

நார்வேயில் தேள் கிடையாது. காட்டில் இல்லை, பழைய மரவீடுகளின் இடுக்குகளிலும் இல்லை. இந்த ஊர்க் குளிர் அதுக்கு ஒத்துவராது. வேடிக்கை என்னன்னா, வானத்திலும் இங்கே முழுத் தேள் தெரியாது. விருச்சிகத்தின் கேட்டை நட்சத்திரம் கோடையில் தெற்கு அடிவானத்தை உரசிவிட்டுப் போய்விடும். கொடுக்குப் பக்கம் இருக்கும் மூலம் ஓஸ்லோவில் உதிப்பதே இல்லை.

பாறைக்குள் மட்டும் தேளின் உறவுக்காரர் ஒருவர் உண்டு. ஓஸ்லோவுக்கு வடமேற்கே, ஈ16 சாலையில் சுண்ட்வோலன் பக்கம் ரிங்கரிக்கே என்ற வட்டாரம் இருக்கு. அங்கே ஏரிக்கரைப் பாறையில் 1909-இல் யோஹான் கியேர் என்ற ஆய்வாளர் கடல் தேள்களின் புதைபடிவங்களைக் கண்டெடுத்தார். 1934-இல் லெய்ஃப் ஸ்டோர்மர் அவற்றில் ஒன்றுக்கு மிக்சாப்டெரஸ் கியேரி என்று பெயர் வைத்தார். 40 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. இன்றைய தேளின் நேரடி மூதாதை இல்லை, ஒன்றுவிட்ட சொந்தம் மாதிரி.

உயிருள்ள தேளைப் பார்க்கணும்னா யாராவது வளர்க்கணும். என்னோடு வேலை செய்யும் நண்பர் க்ருனர்லொக்காவில் தன் அபார்ட்மெண்டில் ஒரு எம்பரர் தேள் வைத்திருக்கிறார். மேற்கு ஆப்பிரிக்க இனம். கண்ணாடித் தொட்டி, ஒரு பக்கம் மட்டும் சூடு தரும் மேட், ஒளிந்துகொள்ள மரப்பட்டை, அடியில் ஈரமான தென்னை நார்த்தூள். பொள்ளாச்சிப் பக்கம் மலைமலையாகக் குவிந்து கிடக்குமே, அதேதான். சாப்பாட்டுக்குச் சில்வண்டு.

டிசம்பரில் இங்கே மூன்றேகால் மணிக்கே சூரியன் மறைந்துவிடும். அப்படி ஒரு சாயங்காலம் நானும் என் ஆறு வயது மகளும் போயிருந்தோம். நண்பர் விளக்கை அணைத்துவிட்டு புற ஊதா டார்ச்சை அடித்தார். கரிக்கட்டை மாதிரி கிடந்த தேள் அப்படியே நீலப்பச்சையாக எரிந்தது. கொடுக்கு, இடுக்கி, கால் என ஒவ்வொரு கணுவும் தனித்தனியாகத் தெரிந்தது. ஒரு நிமிஷம்தான், அணைத்துவிட்டார். "அதுக்கு இந்த வெளிச்சம் பிடிக்காது. ரொம்ப நேரம் காட்டினா ஒளிர்வும் மங்கிடும்" என்றார். தொட்டிக்குள் நிரந்தரமாகப் புற ஊதா விளக்கு போட்டு அலங்காரம் செய்வது அந்த உயிருக்குத் துன்பம் என்பது அவர் கட்சி.

தேள் தானாக ஒளி விடுவதில்லை. மின்மினி வேறு, இது வேறு. தேளின் மேலோட்டில் உள்ள மெல்லிய படலத்தில் சில வேதிப்பொருட்கள் இருக்கின்றன. நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை அவை வாங்கி, தெரியும் நிறமாகத் திருப்பித் தருகின்றன. அவற்றில் பீட்டா-கார்போலின் என்ற ஒன்றை 1999-இல் அடையாளம் கண்டார்கள். தோல் உரித்த புதிதில் தேள் ஒளிராது. ஓடு இறுக இறுகத்தான் ஒளி வரும். ஸ்பிரிட்டில் போட்டு வைத்த செத்த தேளும் ஒளிரும். எதுக்காக இந்த ஏற்பாடு என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. உடம்பு முழுவதையும் ஒரு கண் மாதிரி வைத்து, தான் மறைவில் இருக்கிறதா வெளியில் நிற்கிறதா என்று அறிகிறது என்பது ஒரு கருத்து.

என் மகளுக்கு அது "அழகான பச்சைப் பூச்சி". கையில் எடுக்கலாமான்னு கேட்டாள். போனில் இதைக் கேட்ட அம்மா, "அதையா காசு குடுத்து வளக்கிறாங்க? புள்ளைய அந்தப் பக்கமே விடாத" என்றார். எனக்கு ரெண்டு பேர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. ஒட்டன்சத்திரம் பக்கம் வளர்ந்த நாங்கள் செருப்பைத் தட்டாமல் போட மாட்டோம், விறகுக் கட்டில் கை விட மாட்டோம். ஓஸ்லோவில் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்? லீவுக்குப் போனால் வெறுங்காலோடு இருட்டில் வாசலுக்கு ஓடுவாள்.

அங்கே இருப்பது சாதுவான எம்பரர் இல்லை. கறுத்துப் பெருத்த நட்டுவாக்காலியைப் பார்த்துத்தான் நாம் அலறுவோம். ஆனால் ஆளைக் கொல்லக்கூடியது விரல் நீளச் செந்தேள். அதன் அறிவியல் பெயரிலேயே நாம் இருக்கிறோம்: ஹொட்டென்டோட்டா டாமுலஸ். டாமுலஸ் என்றால் தமிழ். 1798-இல் பெயர் வைத்தவர் ஃபேப்ரிசியஸ் என்ற டென்மார்க் அறிஞர். அன்று தரங்கம்பாடியும் நார்வேயும் ஒரே டென்மார்க் ராஜாவின் கீழ்தான் இருந்தன.

செந்தேள் விஷம் இதயத்தைத் தாக்கும், குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற சின்ன ஊரில் இருந்துகொண்டு டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் 1980-களில் ஒரு வழி கண்டார். பிரசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரையை நேரத்தோடு கொடுத்தால் பெரும்பாலோரைக் காப்பாற்றலாம் என்று காட்டினார். அதனால், கொட்டினால் மந்திரிக்கப் போகாதீங்க, கீறாதீங்க, இறுக்கிக் கட்டாதீங்க. 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

இந்தத் தடவை ஊருக்குப் போகும்போது சாக்லேட்டோடு ஒரு புற ஊதா டார்ச்சும் பெட்டியில் இருக்கட்டும். 365 நானோமீட்டர் என்று போட்டிருப்பதை வாங்குங்க. 395-உம் வேலை செய்யும், ஆனா ஊதா வெளிச்சம் அதிகம் கலந்து தேளின் ஒளிர்வை அமுக்கும். ராத்திரி படுக்கப் போகும்முன் வாசல், கழிப்பறை, சுவர் ஓரம், தென்னைமட்டைக் குவியல் எல்லாம் ஒரு சுற்று அடித்துப் பாருங்க. வேட்டியும் ஒளிரும், சோப்புத்தூளின் வேலை அது, குழம்ப வேண்டாம். கண்ணில் நேராக அடிக்கக் கூடாது. பொந்துக்குள் இருப்பதை டார்ச் காட்டாது, ஆகவே செருப்பைத் தட்டும் பழக்கம் தொடரட்டும்.

பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்க, ஷூ போட்டு, கையைப் பிடித்துக்கொண்டு. எட்ட நின்று பார்க்கட்டும். அழகாக இருக்கு என்று அவர்கள் சொன்னால், ஆமா என்று சொல்லிவிட்டு, அது கொட்டினால் என்ன ஆகும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்க.